காகிதம் தானாக மாடி இறங்கிய விவரம்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். ஸ்கேனரும் சௌக்கியம். அங்கே உன் மனைவிக்கு உடம்பு தேறிவிட்டதா, பாப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள், யாரைப் பார்த்தால் சிரிக்கிறாள், யாரைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குகிறாள் என்பதையெல்லாம் விவரமாக அறிய ஆவல். உன் சௌக்கியத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் முக்கியமான கட்டத்துக்கு வரும்போதெல்லாம், "பாப்பா அழறாக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நானும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். உன் அத்தானின் முட்டிவலியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் அழாத குழந்தை, ஸ்கேனர் என்று நான் வாயெடுத்ததும் வீறிட்டு அழுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பதால் என் மனசு கஷ்டப்படாது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ரயில். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. பாப்பா பிறந்ததிலிருந்து அவளை நான் போட்டோவில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இருக்கிற ஒரே அத்தை நான். போட்டோவில் நெற்றி தெரிகிறது, மூக்கு தெரிகிறது, கனம் தெரிகிறதா? மடியில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? அதுவும் அவள் இந்த அளவில் இருக்கும்போதே வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்று, "நீங்க யாரு?" என்று கேட்பாள். இதை நினைத்து நினைத்தே எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை.

அதனால்தான் முதலாளியிடம் லீவு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் 'இல்லை' என்று அர்த்தம், மற்றபடி அது அழுக்காக இருந்தாலும் தொட மாட்டார். "தாராளமா போயிட்டு வாங்க மேடம். ஆனா நீங்க போயிட்டா பேப்பரை யார் கீழ கொண்டு வருவாங்க?" என்றார்.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி என்பது உனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதும் தெரியும், அதைச் சொல்லி நீ சிரித்ததெல்லாம் போதும். ஸ்கேனர் மாடியில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கீழே இருக்கிறோம். மெக்கானிக்குகள் லிஃப்டைச் சோதித்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வரும் தாள்கள், வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுக்கும் புகார்கள், கடைகளிலிருந்து வரும் பில்கள், எல்லாவற்றையும் நான் மாடிக்குக் கொண்டுபோய் ஸ்கேனருக்கு ஊட்டி, அது பென் டிரைவில் துப்புவதைக் கீழே கொண்டுவந்து, அவரவர் கம்ப்யூட்டரில் போட வேண்டும். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க முதலாளிக்குத் தைரியமில்லை. ஒரு தடவை எங்கள் ஹெட் மெக்கானிக் பென் டிரைவை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு ஆபீசில் 'கிரீஸ்' என்று பெயர், ஏன் என்று அவர் தொட்ட கதவைப் பார்த்தால் தெரியும். பென் டிரைவ் அவருடைய கால்சட்டைப் பையிலேயே வீட்டுக்குப் போய், கால்சட்டையோடு சேர்ந்து துவைத்துக் காய்ந்து திரும்பி வந்தது. அன்றிலிருந்து அது என் கழுத்தில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் என்னைக் கம்பெனி டாக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"அப்போ பேப்பர் தானா கீழ வந்துட்டா எனக்கு லீவு உண்டா சார்?" என்று கேட்டேன். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னிக்கு உங்க துணை இல்லாம பேப்பர் தானா இறங்கி அவங்கவங்க கம்ப்யூட்டருக்குப் போகுதோ, அன்னிக்கு நீங்க கேக்கிற அத்தனை நாளும் லீவு" என்று, ஏதோ சமுத்திரத்தையே எடுத்துத் தள்ளிப் போடச் சொல்கிறவர் தோரணையில் சொன்னார். பக்கத்தில் எங்கள் அக்கவுண்டன்ட் இருந்தார். எதற்கும் ஆதாரம் வேண்டும் என்கிற மனிதர். "இந்த வாக்குக்குத் தேதி போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். போட்டும் கொண்டார்.

அன்று மத்தியானமே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? அஞ்சு நிமிஷ வேலை. ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணு. அந்தப் பாதையை ஸ்கேனர்ல அடி. யூசர்நேம், பாஸ்வேர்டு குடு. அவ்வளவுதான்." உடனே பாப்பா அழுதுவிட்டாள்.

தம்பி, நீ கம்ப்யூட்டர் படித்தவன், நல்ல சம்பளம் வாங்குகிறவன், உன் வாயில் அஞ்சு நிமிஷம் என்று வந்தால் அதை யாரும் கடிகாரத்தில் பார்க்கக் கூடாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆபீஸ் மூலையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் சோதனை, புகார், பில் என்று மூன்று ஃபோல்டர் திறந்தேன். ஷேர் செய்தேன். அதுவரை ஒரு தடங்கலும் இல்லை. பிறகு மாடிக்குப் போய், ஸ்கேனரின் உள்ளங்கை அளவுத் திரையில் அந்தப் பாதையை அடிக்க உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் இரண்டு சாய்ந்த கோடு போடவேண்டும் என்றாய். போட்டேன். 'அப்படி ஓர் இடமே இல்லை' என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை என்றது. கீழே இறங்கிப் போய் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. மேலே வந்து சொன்னால், இல்லை என்கிறது. இப்படி மாடிக்கும் தரைக்குமாக அலைந்து, காகிதம் தானாக நடக்க நான் எடுத்த முயற்சியில் பழையதைவிட அதிகமாக நான்தான் நடந்தேன். கடைசியில் உனக்குப் போன் செய்தால், "எந்தப் பக்கம் சாஞ்ச கோடு போட்டே?" என்று கேட்கிறாய். கோட்டில் சாய்வதற்குப் பக்கம் உண்டு என்று முன்னாலேயே சொல்வதற்கு என்ன? நான் முன்னால் குனிகிற கோட்டைப் போட்டிருந்தேன். வேண்டியது பின்னால் சாய்கிற கோடு, அதாவது சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்காரும் எங்கள் முதலாளியைப் போல. அதைத் திரையில் தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. யாருக்கு? எனக்கு! அந்த ஆபீசின் சாவி என் கைப்பையில் இருக்கிறது. யார் லேட், யார் லீவு, யார் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறார் என்பதெல்லாம் நான் பார்க்கிற வேலை. எனக்கு ஒரு பெட்டி அனுமதி இல்லை என்கிறது. சரி, அதற்கும் உன்னிடம்தான் வந்தேன். "ஃபோல்டர்ல 'எல்லாரும்'னு ஒண்ணு இருக்கும், அதை டிக் பண்ணிடுக்கா" என்றாய். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். "எல்லாரும்னா எல்லாரும்தான்" என்றாய். அப்படியெல்லாம் பொறுப்பில்லாமல் கதவைத் திறந்துபோட எனக்கு மனசு வரவில்லை. முதலாளி, அக்கவுண்டன்ட், கிரீஸ், நான் என்று ஒவ்வொருவராகச் சேர்த்து அனுமதி கொடுத்தேன். யாரையும் விட்டுவிடவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அப்போதும் அனுமதி இல்லை. விட்டுப்போனது ஸ்கேனராம். அது ஓர் ஆள் என்று எனக்கு யார் சொன்னது?

"சரிக்கா, இப்போதைக்கு உன் யூசர்நேமையும் பாஸ்வேர்டையுமே ஸ்கேனருக்குக் குடுத்துடு. நீ போற மாதிரி அது போகும்" என்றாய். கொடுத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே ஏதோ உருண்டது, வெளிச்சம் ஓடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கீழேயிருந்து அக்கவுண்டன்ட், "மேடம்! வந்திருச்சு! வந்திருச்சு மேடம்!" என்று கத்துகிறார். அந்த மனிதர் ஆதாரமில்லாமல் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை. நான் எப்படிக் கீழே இறங்கினேன் என்று தெரியாது, இறங்கிவிட்டேன். என் கையில்லாமல், என் காலில்லாமல், நான் மாடியில் வைத்த தாள் எனக்கு முன்னால் கீழே வந்து திரையில் நிற்கிறது. தலைகீழாகத்தான் நின்றது. இருந்தாலும் நின்றது. நாங்கள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அதைப் பார்த்தோம். எனக்கு அந்த நிமிஷமே பாப்பாவை மடியில் வைத்துவிட்ட சந்தோஷம். கழுத்திலிருந்த பென் டிரைவைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கழுத்து லேசாகிவிட்டது.

இங்கே நீ, கதை முடிந்துவிட்டது, கையெழுத்தைப் போடுவாள் என்று பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய். பொறு.

மூன்று ஃபோல்டருக்கும் ஸ்கேனரில் மூன்று பொத்தான் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காகிதம் ஒட்டி, சோதனை, புகார், பில் என்று முத்து முத்தாக எழுதியிருந்தேன். கிரீஸ் வந்து ஸ்கேன் செய்து பழகினார். நன்றாகவே பழகினார். பழகி முடித்தபோது ஒட்டிய காகிதம் மூன்றும் கறுப்பாக இருந்தன. அதன் பிறகு யார் எதை அழுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. காகிதக் கடைக்காரர் அனுப்பிய பில், புகார் ஃபோல்டருக்குப் போய்விட்டது. கடை பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, 'அவசரம்' என்று வேறு மேலே எழுதியிருக்கிறது. மெக்கானிக்குகளுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு பேர் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அது ஒற்றை மாடிகூட இல்லாத கடை. போனவர்கள் லிஃப்டைக் காணாமல் கடையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். பின்பக்கம் இருக்கலாம் என்று சந்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, யார் சொல்லி வந்தீங்க? ஷட்டர் பாதியில மாட்டிக்கிட்டு ஏறவே மாட்டேங்குது" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். இவர்களும் ஏறாத எதையும் ஏற்றாமல் விடுகிறவர்கள் இல்லை. சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார்கள். கடைக்காரர் முதலாளிக்குப் போன் செய்து, சொல்லாமலே மனசறிந்து ஆள் அனுப்பினீர்களே என்று நெகிழ்ந்து போய்ப் பேசினார். என்ன ஏதென்று புரியாத முதலாளி, "அது எங்க கடமைங்க" என்று சொல்லி வைத்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு குடியிருப்பிலிருந்து வந்த புகார் அக்கவுண்டன்டிடம் போய்விட்டது. 'நாலாவது மாடியில் கதவு திறக்கும்போது முனகுகிறது, ராத்திரியில் பயமாக இருக்கிறது' என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். பில் ஃபோல்டரில் வந்தது பில்தான் என்பது அக்கவுண்டன்டின் கொள்கை. 'தங்கள் முனகல் கிடைக்கப்பெற்றோம். தொகை குறிப்பிடப்படவில்லை. உரிய ரசீதுடன் மீண்டும் அனுப்பவும்' என்று பதில் போட்டுவிட்டார். அந்த அம்மா நேரில் வந்தார். லிஃப்டைவிட அவர் நன்றாக முனகினார் என்று கிரீஸ் சொன்னார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்தார். "மேடம், பழையபடி பென் டிரைவையே மாட்டிக்கங்களேன்" என்றார். சண்டை போட்டிருப்பேன், சண்டை போட எனக்குத் தெரியாதா? ஆனால் வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்து, "ஒரு வாரம் குடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். ஸ்கேனர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதைத் திட்டினேன், தம்பி. நீ குழந்தையாக இருந்தபோது உன்னைக்கூட நான் அப்படித் திட்டியதில்லை. அது சின்ன விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. திட்டி முடித்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. எழுத்து இருந்தால்தானே அழியும்? புகார் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினேன், பில்லுக்கு ஒரு காகித கிளிப், சோதனைக்கு ஒரு நட்டு. கிரீஸ் எவ்வளவு கறுப்பாக்கினாலும் தடவிப் பார்த்தாலே தெரியும். அதோடு அந்தக் குழப்பம் ஒழிந்தது. "அக்கா, கண்ணை மூடிட்டே ஸ்கேன் பண்றேன் பாருங்க" என்று கிரீஸ் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எல்லாம் சரியாக இருந்த நேரத்தில், பொதுக் கம்ப்யூட்டர் என்னிடம், 'உங்கள் பாஸ்வேர்டு பழையதாகிவிட்டது, புதியது வையுங்கள்' என்றது. மரியாதையாகக் கேட்கிறதே என்று வைத்தேன். அதை மாடியில் இருக்கிற ஸ்கேனர் துரையிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் என் பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டு, கிரீஸ் ஒவ்வொரு தாளை வைக்கும்போதும் போய்க் கதவைத் தட்டித் தட்டி அதையே சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் பார்த்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டு திருட வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, என்னையே பூட்டிவிட்டது. நான் கீழே உட்கார்ந்து சரியான பாஸ்வேர்டை அடிக்கிறேன், உள்ளே விட மாட்டேன் என்கிறது. அக்கவுண்டன்ட் எட்டிப் பார்த்து, "நீங்க நீங்கதான்னு ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தபோது பாப்பா நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, முழுதாகக் கேட்டாய். சிரித்து முடித்த பிறகு, "ஸ்கேனருக்குன்னு தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சுடுக்கா. அதுக்கு ஒரு பேரு, அதுக்குன்னு ஒரு பாஸ்வேர்டு. உன் வழிக்கு அது வராது, அது வழிக்கு நீ போக வேண்டாம்" என்றாய். நீ இதுவரை சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான், முதல் நாளே சொல்லியிருக்கலாம். தொடங்கினேன். ஸ்கேனருக்கு ஆபீசில் ஆள்கணக்கு ஏறிவிட்டது. "எந்தத் தேதியிலிருந்து வேலையில சேர்ந்ததா வெச்சுக்கலாம்?" என்று அக்கவுண்டன்ட் கேட்டார். முதலாளி, "லீவு கேக்காத ஆளா இருந்தா சரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பாஸ்வேர்டு யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும் என்றாய். அப்படியே வைத்தேன். 'இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று ஸ்கேனர் கேட்டது. முன்னால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டு அது ஆடிய கூத்து போதாதா? வேண்டவே வேண்டாம் என்று அழுத்தினேன்.

அதிலிருந்து ஒரு குறையும் இல்லை. முதலாளி சாயங்காலம் போகும்போது நெருப்புக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார், அது அவருடைய பழக்கம். காலையில் எல்லோருக்கும் முன்னால் நான் போய் சுவிட்சைப் போட்டு, மாடியில் அதன் முகத்தில் நாலு எழுத்தைத் தட்டிவிட்டு இறங்கினால் போதும், அப்புறம் கிரீஸ் தாளை வைத்துப் பொத்தானை அழுத்துவதோடு சரி, நான் கிட்டேயே போகவேண்டியதில்லை. தாள் பறக்கிறது. புகார் புகாராகப் போகிறது, பில் பில்லாகப் போகிறது. நான் மேஜையில் உட்கார்ந்து கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் ஆகவேண்டியது அங்கே ஒன்றுமே இல்லை, தம்பி. ஒருத்திக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா?

முதலாளிதான் இன்னும் அரைமனசாக இருக்கிறார். "நாளைக்கு ஒரு நாள் வீட்டுல இருங்க மேடம். நீங்க இல்லாம ஓடுதான்னு பார்த்துருவோம். ஓடிச்சுன்னா வெள்ளிக்கிழமை நானே உங்களை வண்டி ஏத்தி விடறேன்" என்றிருக்கிறார். நாளைக்கு ஒத்திகை. வெறும் சம்பிரதாயம்தான். வீட்டில் உட்கார்ந்து பாப்பாவுக்குத் தைத்த சட்டைகளுக்குப் பித்தான் வைக்கப்போகிறேன். உன் அத்தான் அவர் பங்குக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிவிட்டு, அது சரியாக வேலை செய்கிறதா என்று நேற்றிலிருந்து ஆட்டிக்கொண்டே இருக்கிறார்.

எனக்காக உன் மனைவி ஒன்றும் சிரமப்பட வேண்டாம். பாப்பா தூங்குகிற அறையில் ஓர் ஓரம் இருந்தால் போதும். அவள் எல்லா நலமும் பெற்று, நன்றாகப் பால் குடித்து, ஊரே திரும்பிப் பார்க்கிற குரலோடு நீண்ட காலம் வாழ வேண்டும். உன் மனைவிக்கு என் அன்பும், அலைச்சல் வேண்டாம் என்கிற கண்டிப்பும். உனக்கு என் ஆசீர்வாதம், திட்டியது போக மீதி.

இப்படிக்கு,
இனி எந்த ஸ்கேனருக்கும் தேவைப்படாத
உன் அக்கா.

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படி. இன்றைக்குத்தான் ஒத்திகை. காலையில் முதல் சட்டைக்கு முதல் பித்தான் வைத்து ஊசியை இழுக்கிறேன், போன். அக்கவுண்டன்ட். "மேடம், மாடியில அது பாஸ்வேர்டு கேக்குது." நாலு எழுத்தைத் தட்டிவிட்டு இறங்கினால் போதும் என்று எழுதினேனே, அந்த நாலு எழுத்தைத் தட்டுகிறவள் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் செய்கிற வேலை, பல் தேய்க்கிறதை யாராவது வேலை என்று கணக்கில் வைப்பார்களா? பாஸ்வேர்டைச் சொல்ல முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளி போனை வாங்கி, "அப்போ நீங்களே வந்து போட்டுடுங்க மேடம். தினமும்" என்றார். அந்தத் 'தினமும்' என்பதில் என் ரயில் போய்விட்டது, தம்பி.

நீ ஆஸ்பத்திரி வாசலிலிருந்து குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னாய், நினைவிருக்கிறதா? பாப்பாவுக்கு இந்தப் பெயரைத்தான் வைக்கப்போகிறோம், எங்கள் இரண்டு பேரையும் உன்னையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது, பதிவு செய்கிற வரைக்கும் மாமியார் காதுக்குப் போய்விடக் கூடாது என்றாய். யாராலும் ஊகிக்க முடியாத சொல் வேண்டும் என்றும் நீதான் கேட்டாய். எனக்கு அதைவிட்டால் வேறு என்ன தோன்றும்? தினமும் காலையில் யாருமில்லாத மாடியில் நின்று அவள் பெயரை எழுத எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

சொல்லிவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அக்கவுண்டன்ட் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், ஆபீசே மாடியில் நிற்கிறது. "முதல் எழுத்து பெருசா, சின்னதா மேடம்?" என்று முதலாளி கேட்கிறார், கிரீஸ் அடிக்கிறார். முதல் தடவை தப்பு, இரண்டாவது தடவையும் தப்பு. இன்னொரு தடவை தப்பினால் பூட்டிக்கொள்ளும். "நீ நகருய்யா" என்று முதலாளியே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். திறந்துவிட்டது. அப்புறம் கிரீஸ் அந்தப் பெயரைச் சேர்த்து முழுசாக ஒருதரம் படித்தார். "அக்கா, இது யாரு பேரு?" என்றார். என் மருமகள் பெயர் என்றேன். ஒரே கைதட்டல். அவள் பெயரை உலகத்தில் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னது நீயும் இல்லை, நானும் இல்லை, ஒரு லிஃப்ட் மெக்கானிக். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பித்தான் எங்கேயோ உருண்டு போய்விட்டது. "நல்ல பேரு மேடம். தினமும் நானே எழுதறேன், நீங்க நிதானமா இருந்துட்டு வாங்க" என்றார் முதலாளி.

ஆகையால் நான் வருகிறேன், ரகசியம் போய்விட்டது. அக்கவுண்டன்டின் மனைவியும் உன் மாமியாரின் தங்கையும் ஒரே தையல் வகுப்பு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் மாமியார் உன் வாசலுக்கு வந்துவிடுவார், கையில் வேறொரு பெயரோடு. நீ எதற்கும் தலையாட்டிக்கொள், ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிடாதே. இங்கே ஸ்கேனர் நின்றுவிடும்.